சாவி யாரிடம்? யாழ்ப்பாணத்துக் கட்டடப் பொருள் வியாபாரம் ஒன்று கிளவுட்டுக்கு மாறிய விதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

நகரில் தலைமைக் கடை, சுன்னாகத்திலும் கிளிநொச்சியிலும் கிளைகள், கோப்பாய்ப் பக்கம் சீமெந்தும் கம்பியும் அடுக்குகிற பெரிய ஸ்ரோர். தகப்பன் தொடங்கி, இப்போது மகன்மார் இருவரும் மூத்த மருமகளும் கொண்டு நடத்துகிற கட்டடப் பொருள் வியாபாரம். 2022 நெருக்கடிக்குச் சற்று முன்னர் அவர்கள் தங்கள் கணக்கையும் இருப்பையும் கிளவுட்டுக்கு, அதாவது இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் தொலைதூரக் கணினிகளுக்கு, மாற்றினார்கள். மாற்றும் வேலை சில வாரங்களில் முடிந்தது. மாற்றியதை ஒழுங்காக நடத்தப் பழகத்தான் இரண்டு வருடத்துக்கு மேல் பிடித்தது. நான் எழுத வந்தது அந்தக் காலத்தைப் பற்றித்தான். அவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டுவிடுகிறேன்.

கிளவுட்டுக்குப் போவதா வேண்டாமா என்ற கேள்வி இங்கே அநேகமாக முடிந்துபோன கேள்வி. கூகிள் டிரைவில் பில் படங்களைப் போட்டு வைக்கிற கடை ஏற்கெனவே அதற்குள்தான் இருக்கிறது. ஆனால் கடைக்குள்ளே அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால் பெரும்பாலான இடங்களில் ஆளையாள் பார்ப்பார்கள். இந்த நிறுவனம் பட்ட பாடு முழுவதும் அந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாததால் வந்தது. பதில் கிடைத்த பிறகு மற்றவை ஒவ்வொன்றாகச் சரியாகின.

மாறுவதற்கு முன்

காசாளர் மேசைக்குக் கீழே ஒரு கணினி. அதுதான் சேர்வர். கிளைகளில் அதே மென்பொருள் தனித்தனியாக ஓடியது. பின்னேரம் கடை பூட்டும்போது கிளைக்காரர் எக்செல் தாள் ஒன்றை வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள்; மருமகள் அதை இரவு வீட்டில் இருந்து தட்டுவார். பகலில் இருப்பு தெரிய வேண்டுமென்றால் தொலைபேசிதான். “அண்ணை, ஒண்டே கால் பைப் அங்கை கிடக்கோ?” “பொறு தம்பி, எண்ணிப் பார்த்துச் சொல்லுறன்.” அதற்குள் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

பெரிய நட்டம் கடனில் வந்தது. ஒரு கொந்தராத்துக்காரர் நகரில் தன் கடன் எல்லை முடிந்ததும் சுன்னாகத்தில் போய் எடுப்பார், பிறகு கிளிநொச்சியில் எடுப்பார். மூன்று கடைக்கும் அவர் நல்ல வாடிக்கையாளர். மூன்று கொப்பியையும் சேர்த்துப் பார்த்தால்தான் நிலைமை தெரியும், சேர்த்துப் பார்ப்பதோ மாத முடிவில்.

இன்னொரு தேவையும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் கட்டுகிற வீடுகளில் கணிசமானவற்றுக்குக் காசு கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வருகிறது. காசு அனுப்புகிறவர் மேசனுடைய துண்டை நம்பி இருக்க விரும்புவதில்லை, கடையின் பில்லை நேரே பார்க்கக் கேட்கிறார். மூன்று கடையில் எடுத்த சாமானுக்கு ஒரே கணக்குக் காட்ட இவர்களிடம் வழியில்லை.

கடைசியில் தள்ளிவிட்டது ஹாட் டிஸ்க்தான். அது ஒருநாள் காலை எழும்பவில்லை. பிரதி எடுத்து வைத்த வெளி டிஸ்க் அதே மேசையில்தான் கிடந்தது, ஆனால் அதில் இருந்த கடைசி நல்ல பிரதி பல வாரம் பழையது. காபன் கொப்பிகளை வைத்து முழுவதையும் திரும்பத் தட்டினார்கள்.

அப்படியே தூக்கி வைத்தது

ஒரு மென்பொருள் நிறுவனம் வந்து இலகுவான வழி ஒன்றைச் சொன்னது. பழைய விண்டோஸ் மென்பொருள் அப்படியே இருக்கட்டும், தரவுத்தளத்தை மட்டும் மும்பையில் ஒரு மெய்நிகர் கணினிக்கு (பெரிய கணினி ஒன்றின் ஒரு பங்கைத் தனிக் கணினிபோல வாடகைக்கு எடுப்பது) மாற்றிவிடுவோம், மூன்று கடையும் அதோடு இணையட்டும். அமேசான், மைக்ரோசொஃப்ட், கூகிள் மூன்றுக்கும் இலங்கையில் தரவு மைய வலயம் கிடையாது. மும்பை அல்லது சிங்கப்பூர்தான் இங்கிருந்து வழக்கமான தெரிவு. அதில் பிழையில்லை.

பிழை வேறு இடத்தில். அந்த மென்பொருள் ஒரே அறைக்குள் ஓடுவதற்காக எழுதப்பட்டது. இருப்புத் திரையைத் திறந்தால் ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாகத் தரவுத்தளத்திடம் கேட்கும். கடைக்குள் ஒரு கேள்வி போய்வர ஒரு மில்லி செக்கன்கூட ஆகாது, ஆகவே யாருக்கும் தெரியவில்லை. கேள்வி யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கும் கடலுக்கு அடியால் மும்பைக்கும் போய்வர 60 மில்லி செக்கன் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 கேள்விக்கு 12 செக்கன். வாடிக்கையாளர் முன்னால் நிற்கும்போது 12 செக்கன் மிக நீண்ட நேரம். சுன்னாகக் கிளையில் பொடியன்கள் திரும்பவும் கொப்பியில் எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

ஃபைபரின் வேகத்தைக் கூட்டச் சொன்னார்கள். கூட்டினார்கள், ஒன்றும் மாறவில்லை. வேகம் என்று நாம் காசு கொடுத்து வாங்குவது குழாயின் அகலத்தை; இங்கே சிக்கல் தூரத்தில் இருந்தது. மென்பொருளையும் மும்பைக்கே கொண்டுபோய்த் தரவுத்தளத்துக்குப் பக்கத்தில் ஓடவிட்டு, கடைகளில் இருந்து தொலைத் திரையாகப் பார்க்கத் தொடங்கியபோதுதான் கேள்விகள் மீண்டும் ஒரே அறைக்குள் வந்தன. திரையின் படம் மட்டும் கடல் கடந்து வந்தது. மாற்றம் செய்ய நினைக்கிறவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முன்னர் கேட்க வேண்டியது இதைத்தான்: உங்கள் மென்பொருள் தூரத்தில் இருந்து வேலை செய்ய எழுதப்பட்டதா? ஒரு கிளையில், ஒரு கிழமை, சனம் கூடுகிற சனிக்கிழமையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தொலைத் திரை வந்ததும் வேறோர் ஆபத்தும் வந்தது. இணைப்புக்கான வாசல் இணையத்தில் எல்லாருக்கும் திறந்து கிடந்தது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கிற கும்பல்கள் உலகம் முழுக்க முதலில் தட்டிப் பார்ப்பது இந்த வாசலைத்தான். பதிவேட்டைத் திறந்தால் கண் காணாத தேசங்களில் இருந்து கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் முயற்சிகள் வரிசையாகக் கிடந்தன. வி.பி.என். என்கிற பூட்டிய தனி இணைப்பு வழியாக மட்டும் உள்ளே வரலாம், அதுவும் தொலைபேசியில் வரும் இரண்டாவது குறியீடு இருந்தால்தான் என்று மாற்றியது கொஞ்ச நேர வேலை. முதல் நாளிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

டொலர் பில்லும் ரொறன்ரோவுக்குப் போன குறியீடும்

2022 மார்ச் 7 ஆம் திகதி மத்திய வங்கி ரூபாயை நெகிழவிட்டது. அதுவரை 203 ரூபாய் அளவில் நின்ற டொலர், மே மாதம் 360 ஐத் தாண்டியது. டொலரில் ஒரு சதமும் கூடாத பில், ரூபாயில் முக்கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. சீமெந்து விலை ஏறினால் விற்பனை விலையை ஏற்றலாம். கிளவுட் பில்லை யார் தலையில் ஏற்றுவது?

பில் கூடியதோடு நிற்கவில்லை. நாட்டில் டொலர் இல்லாத காலம் அது. வங்கி அட்டை வெளிநாட்டுக் கொடுப்பனவை மறுத்தது. பணம் கட்டாவிட்டால் சேவை நிறுத்தப்படும் என்று எச்சரிக்கை வந்தது. வேறு வங்கியின் அட்டையைப் போட வேண்டும். அதற்குக் கணக்குக்குள் நுழைய வேண்டும்.

இங்கேதான் வண்டி நின்றது. முழு அதிகாரம் உள்ள முதன்மைக் கணக்கு, கடையில் கணினி வேலை பார்த்த பொடியனின் சொந்த ஜிமெயிலில் திறக்கப்பட்டிருந்தது. அவர் கனடாவுக்குப் போய்ச் சில மாதம் ஆகியிருந்தது. குறியீடு போவதும் அவருடைய தொலைபேசிக்கு. இங்கே காலை 10 மணிக்குக் குறியீடு கேட்டால் ரொறன்ரோவில் கோடை காலத்தில் நள்ளிரவு கடந்து அரை மணி. நல்ல பிள்ளை, நித்திரையில் இருந்து எழும்பிக் குறியீட்டைச் சொன்னார். மூத்த மகன் அன்று என்ன நினைத்தாரோ, அதைத்தான் இந்த ஆய்வைப் படிக்கும் ஒவ்வொரு முதலாளியும் நினைக்க வேண்டும்: அவர் எழும்பாமல் விட்டிருந்தால்? கோபித்துக்கொண்டு போன ஆளாக இருந்திருந்தால்?

கடை பூட்டுகிற சாவியை வேலையாள் ஊருக்குப் போகும்போது கொண்டுபோக நாம் விடுவதில்லை. கிளவுட்டின் முதன்மைக் கணக்கும் அதே சாவிதான், இன்னும் பெரியது. அதை வைத்திருப்பவர் தரவையும் பிரதியையும் ஒரே பின்னேரத்தில் அழித்துவிடலாம்.

உள்ளே போய்ப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. செலவு எல்லை தாண்டினால் மின்னஞ்சல் வரும்படி எச்சரிக்கை ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. எச்சரிக்கை ஒழுங்காக வந்துகொண்டும் இருந்தது, யாரும் பார்க்காத அந்த ஜிமெயிலுக்கு. கடையின் இணைய முகவரியும் அவர் பெயரில்தான் பதிவாகியிருந்தது.

மூத்த மருமகள் அன்றைக்குப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். அவர் கணக்கியல் படித்தவர், கணினித் துறை ஆள் இல்லை. அது நல்லதாகப் போயிற்று என்றே சொல்வேன். கையிருப்புக் காசை எண்ணுகிற ஒழுங்கோடு அவர் இதைப் பார்த்தார். முதன்மைக் கணக்கு நிறுவனத்தின் சொந்த முகவரிக்கு மாறியது. அதன் கடவுச்சொல்லும் மீட்புக் குறியீடுகளும் உறையில் இட்டு ஒட்டப்பட்டு வீட்டு அலுமாரியில் காணி உறுதிகளோடு போயின. அன்றாட வேலைக்கு அந்தக் கணக்கை யாரும் தொடுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனி அதிகாரம். கிளையில் பில் போடுகிறவருக்குப் பில் போட மட்டும் முடியும். ஆள் வேலையை விட்டால், கடைசிச் சம்பளம் கொடுக்க முன்னர் அவருடைய பெயர் மூடப்பட வேண்டும். சம்பளத்தையும் மருமகளே எழுதுவதால் இந்த விதி ஒருநாளும் தவறவில்லை.

அப்புறம் கிளவுட் பில்லை வரி வரியாகப் படித்தார். மெய்நிகர் கணினி நாள் முழுக்க ஓடியது. கிழமைக்கு 168 மணித்தியாலம். கடை திறந்திருப்பது நாளைக்கு 10 மணித்தியாலப்படி ஆறு நாள், 60 மணித்தியாலம். மிச்ச நேரம் யாருக்காக ஓடுகிறது? இரவுப் பிரதி எடுத்து முடிந்ததும் தானாக நின்று, காலை கடை திறக்க முன் தானாக எழும்பும்படி செய்யச் சொன்னார். நிற்கும்போதும் டிஸ்க்குக்கு வாடகை உண்டு, ஆனால் கணினிக்கான மணித்தியாலக் கட்டணத்தில் பாதிக்கு மேல் குறைந்தது. பரீட்சித்துப் பார்க்க யாரோ திறந்த இரண்டாவது கணினி ஒன்று மறந்துபோய் ஓடிக்கொண்டிருந்தது. எதனுடனும் இணையாத பழைய டிஸ்க்குகளும் வாடகை தின்றன. இவை எல்லாம் பில்லில் எழுதித்தான் இருந்தன, படிக்க ஆள் இல்லை. டொலர் ஏறியதை அவர்களால் தடுக்க முடியாது. வீணாகப் போனதைத் தடுத்தார்கள்.

கரண்டும் இணையமும் இல்லாத நேரம்

2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. மேசைக்குக் கீழே இருந்த பழைய சேர்வர் என்றால் ஜெனரேற்றர் வேண்டும், டீசலுக்கோ வரிசை. இப்போது மடிக்கணினியும் தொலைபேசி இணைப்பும் போதுமாக இருந்தது. அந்த மாதங்களில் கிளவுட் இந்தக் கடையைக் காப்பாற்றியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் கரண்ட் நிற்கும் நேரம் நீண்டால் தொலைபேசிக் கோபுரத்தின் பற்றரியும் இறங்கும். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கால் நாடு முழுவதும் இருண்டதே, அப்படியான நாட்கள் இன்னும் வரும்.

ஃபைபர் ஒரு நிறுவனத்திடம், டொங்கிள் இன்னொரு நிறுவனத்திடம் என்று பிரித்து எடுத்தார்கள். இரண்டும் இல்லாவிட்டால் கையால் எழுதும் பில் கொப்பி. கிளைக்கு ஒரு முன்னெழுத்து, தொடர் இலக்கம் அச்சிட்டது. இணையம் வந்ததும் அதே இலக்கத்தோடு உள்ளே ஏற்ற வேண்டும். முன்பு இணைப்பு அறுந்த நேரத்தில் இரண்டு கிளையும் ஒரே இலக்கத்தில் பில் போட்டு, வற் (பெறுமதி சேர் வரி) பற்றுச்சீட்டில் குழப்பம் வந்திருந்தது. முன்னெழுத்து அதை அடியோடு தீர்த்தது. இந்தக் கொப்பி பின்தங்கிய ஏற்பாடு என்று இளைய மகன் வாதாடினார். எனக்கு அப்படித் தெரியவில்லை. கிளவுட்டில் ஓடுகிற எந்தக் கடைக்கும் கிளவுட் இல்லாத ஒரு பின்னேரத்தைக் கடக்கும் வழி இருக்க வேண்டும், அது ஊழியருக்குப் பழகியதாகவும் இருக்க வேண்டும்.

பிரதியைத் திறந்து பார்த்தல்

கிளவுட்டில் இருக்கிறது, ஆகவே பத்திரம் என்ற நம்பிக்கை இங்கே மிகப் பரவலானது. 2021 மார்ச் 10 ஆம் திகதி பிரான்சின் ஸ்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். என்ற கிளவுட் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் எரிந்துபோனது. பிரதியையும் அதே வளாகத்தில் வைத்தவர்களுக்கு இரண்டும் போயிற்று. அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. 2023 ஆகஸ்ட் 26 ஆம் திகதி இலங்கை அரசாங்கத்தின் கிளவுட், கப்பம் கேட்கும் மென்பொருளால் தாக்கப்பட்டபோது, அரச மின்னஞ்சல் கணக்குகள் 5,000 அளவில் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை, காரணம் அந்தக் காலத்துக்குப் பிரதி இல்லை. மின்னஞ்சல் மென்பொருளும் காலாவதியானது. கட்டடத்தையும் இயந்திரத்தையும் பார்ப்பது கிளவுட் நிறுவனத்தின் வேலை. உள்ளே வைத்த தரவும் அதற்கான அனுமதிகளும் பிரதிகளும் வைத்தவரின் வேலை. இந்தப் பங்கீடு ஒப்பந்தங்களில் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது.

அரசாங்கக் கிளவுட் தாக்கப்பட்ட செய்தி வந்த கிழமை மருமகள் முதல் தடவையாகப் பிரதியைத் திறந்து பார்த்தார். தரவுத்தளம் வந்தது. வாடிக்கையாளர் கொடுத்த பிற்திகதிக் காசோலைகளின் படங்கள் வரவில்லை. அந்தக் கோப்புறை பிரதிப் பட்டியலில் ஆரம்பத்தில் இருந்தே சேர்க்கப்படவில்லை. ஒவ்வோர் இரவும் “வெற்றி” என்று பதிவு மட்டும் வந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை இது நடக்கிறது. பழைய மடிக்கணினி ஒன்றில் பிரதியை இறக்குவார். போன மாதப் பில் கொப்பியைக் கண்ணை மூடி ஓரிடத்தில் திறந்து, அந்த இலக்கத்தைத் தேடுவார். சாமான், தொகை, வரி, மிகுதி எல்லாம் தாளோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு காசோலைப் படத்தையும் திறந்து பார்ப்பார். ஒரு பேரேட்டில் திகதியும் எடுத்த நேரமும் எழுதிக் கையெழுத்து வைப்பார். எடுத்த நேரத்தை எழுதுவது முக்கியம்: எல்லாம் போனால் கடை எத்தனை மணித்தியாலத்தில் மீண்டும் பில் போடலாம் என்பதற்கு அவரிடம் இப்போது ஊகம் இல்லை, கணக்கு இருக்கிறது. பிரதி ஒன்று மும்பையில், ஒன்று வேறொரு நாட்டு வலயத்தில் தனிக் கணக்கில், குறித்த காலத்துக்கு யாராலும் அழிக்க முடியாத பூட்டோடு. மூன்றாவது வெளி டிஸ்க்கில், மூத்த மகனின் வீட்டில்.

பாமினி எழுத்தில் இருந்த சாமான்கள்

பழைய மென்பொருளை என்றைக்கும் தொலைத் திரையில் ஓட்ட முடியாது. உலாவியில் திறக்கிற, மாதக் கட்டணம் கட்டுகிற மென்பொருளுக்கு மாறத் தீர்மானித்தபோது, எல்லாரும் பயந்தது தொழில்நுட்பத்துக்கு. இழுத்தடித்தது சாமான் பட்டியல்.

தமிழ்ப் பெயர்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டிருந்தன. அது யூனிகோடுக்கு முந்தியது; ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டுவது. புதியதில் ஏற்றியதும் ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தன. யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் பெரும்பகுதியைச் செய்தன, ஆங்கிலமும் தமிழும் கலந்த பெயர்களில் அவையும் தடுமாறின. மாற்றி முடிந்ததும் அடுத்தது தெரிந்தது: நகரில் சீமெந்து, சுன்னாகத்தில் சிமெந்து, கிளிநொச்சியில் கொம்பனிப் பெயர் மட்டும். ஒரே சாமான், மூன்று இருப்பு. மூன்று கிளைப் பொறுப்பாளரையும் ஒரே மேசையில் இருத்தி வரி வரியாகப் பேசித் தீர்த்தார்கள். கடன் வாடிக்கையாளர் பெயர்களிலும் இதே வேலை. கொந்தராத்துக்காரரின் மூன்று கடனும் ஒரே பெயரின் கீழ் வந்தது இந்த மேசையில்தான். இதைச் செய்யாமல் எந்தக் கிளவுட்டுக்குப் போயிருந்தாலும் பழைய குழப்பம் புதிய வாடகையில் தொடர்ந்திருக்கும்.

புதியதைத் தெரிவு செய்யும்போது வற் வரியை வைத்துச் சோதித்தார்கள். வற் 2022 ஜூனில் 8 இல் இருந்து 12 வீதமாகவும், செப்டெம்பரில் 15 ஆகவும், 2024 ஜனவரியில் 18 ஆகவும் ஏறியது. ஓரிடத்தில் மாற்றினால் மூன்று கடையிலும் மாற வேண்டும், அது சுலபம். ஆனால் டிசம்பரில் 15 வீதத்தில் விற்ற பைப்பை ஜனவரியில் திருப்பிக் கொண்டுவந்தால் 15 வீதத்தில்தான் கழிக்க வேண்டும். செய்துகாட்டச் சொன்னபோது ஒரு மென்பொருள் 18 இல் கழித்தது. அதை விட்டுவிட்டார்கள். முழுத் தரவையும் நாங்களே எந்த நேரமும் இறக்கி எடுக்கலாமா என்பது அடுத்த கேள்வி. விற்பனையாளர் ஆம் என்றார். காசு கட்ட முன்னர் மாதிரித் தரவைப் போட்டு இறக்கிப் பார்த்த பிறகுதான் கையெழுத்து வைத்தார்கள்.

கடன் கணக்குத் திறக்க வாங்கிய அடையாள அட்டைப் பிரதிகளும் இந்த நேரத்தில் களையெடுக்கப்பட்டன. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தரவு யாருடைய கணினியில் இருந்தாலும் அதைச் சேகரித்த நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. கணக்கு முடிந்தவர்களின் பிரதிகள் அழிக்கப்பட்டன, மிச்சத்தை இரண்டு பேர் மட்டும் பார்க்கலாம்.

இப்போது

நகரில் நின்று கிளிநொச்சி இருப்பைப் பார்க்கலாம். கொந்தராத்துக்காரர் எந்தக் கடையில் நின்றாலும் அவருடைய மொத்தக் கடன் திரையில் வருகிறது. எல்லை தாண்டினால் பில் போகாது, மூத்த மகன் அனுமதிக்க வேண்டும். முதலில் சிலர் முகம் சுளித்தார்கள், பிறகு பழகிவிட்டது. வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புகிறவருக்கு மாத முடிவில் மூன்று கடையின் பில்லும் ஒரே கூற்றாகப் போகிறது.

இளைய மகன் அடுத்ததாகக் கொந்தராத்துக்காரருக்கும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் நேரடியாக உள்ளே வந்து கணக்குப் பார்க்க வழி திறக்க விரும்புகிறார். மருமகள் மூன்று நிபந்தனை வைத்திருக்கிறார். அவரவர் கணக்கை மட்டும் பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. இரண்டாவது குறியீடு இல்லாமல் யாரும் நுழைய முடியாது. வீட்டு வேலை முடிந்து கணக்குத் தீர்ந்த மாதமே அந்த அனுமதி மூடப்பட வேண்டும், மூடியது பேரேட்டில் எழுதப்பட வேண்டும். முதலில் சுன்னாகக் கிளையில் சில வாடிக்கையாளரோடு தொடங்க ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.